காந்தப் பதிவில் சுனாமியைத் தேடுவது எப்படி: ஈஸ்டர் தீவு, 2010

2010 பிப்ரவரி 27 அன்று சிலி நாட்டின் மௌலே கடற்கரையை ஒட்டி 8.8 அளவுள்ள நிலநடுக்கம் நிகழ்ந்தது. அதில் எழுந்த சுனாமி பசிபிக் கடலைக் கடந்து சென்றபோது, சிலியிலிருந்து ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் மேற்கே தனித்துக் கிடக்கும் ஈஸ்டர் தீவின் காந்த ஆய்வகத்தில், புவிக் காந்தப்புலத்தின் செங்குத்துக் கூறு சுமார் 1 நானோடெஸ்லா அளவுக்கு அசைந்தது. மனோஜ் நாயர், ஸ்டெஃபான் மவுஸ், அர்னோ ஷுலியா ஆகியோர் அந்த அசைவைக் கண்டறிந்து 2011இல் வெளியிட்டார்கள். அவர்கள் பயன்படுத்திய வகைப் பதிவுகள் இன்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாக எடுக்கக்கூடியவை. இயற்பியலில் இளநிலைப் படிப்பும் பைத்தான் நிரலில் ஓரளவு பழக்கமும் உள்ள ஒருவர், அதே அசைவைத் தாமே தேடிப் பார்ப்பது எப்படி என்பதை இங்கே வரிசையாக விளக்குகிறேன்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நாம் தேடுவது 30,000 நானோடெஸ்லாவுக்கு மேற்பட்ட ஒரு புலத்தில் ஒரே ஒரு நானோடெஸ்லாவை. பதிவை வடிகட்டியவுடன் திரையில் ஏதோ ஓர் அலை கட்டாயம் தெரியும்; அந்த அலையைச் சுனாமி என்று சொல்லும் உரிமையைப் பெறுவதற்குத்தான் உழைப்பில் பெரும்பகுதி செல்லும்.

நீர் நகரும்போது காந்தப்புலம் ஏன் மாறுகிறது

கடல்நீரில் கரைந்துள்ள உப்பு அதை ஒரு மின்கடத்தியாக்குகிறது. அதன் மின்கடத்துத்திறன் ஒரு மீட்டருக்கு 3 முதல் 5 சீமென்ஸ் வரை இருக்கும். ஒரு கடத்தி காந்தப்புலத்துக்குள் நகர்ந்தால் அதில் மின்னோட்டம் தூண்டப்படும் என்பது ஃபாரடேயின் கண்டுபிடிப்பு. அவரே 1832இல் லண்டனின் வாட்டர்லூ பாலத்திலிருந்து தேம்ஸ் ஆற்றில் கம்பிகளை இறக்கி, ஆற்றோட்டம் உண்டாக்கும் மின்னழுத்தத்தை அளக்க முயன்றார். அன்றைய கருவிகளால் தெளிவான விடை கிடைக்கவில்லையே தவிர, அவர் எண்ணியது சரியாகவே இருந்தது.

சுனாமியின் சிறப்பு அதன் ஆழத்தில் இருக்கிறது. காற்றால் எழும் அலைகள் கடலின் மேற்பரப்பை மட்டுமே கலக்குகின்றன. சுனாமியோ மேற்பரப்பு முதல் தரை வரை நான்கு கிலோமீட்டர் உயரமுள்ள நீர்த்தூண் முழுவதையும் கிடைமட்டமாக நகர்த்துகிறது. வேகம் நொடிக்குச் சில சென்டிமீட்டர்தான் என்றாலும், நகரும் நீரின் பருமன் மிகப் பெரியது. இந்த நகர்வு புவிக் காந்தப்புலத்தின் செங்குத்துக் கூற்றை வெட்டும்போது அலையின் முகடுகளுக்கு இணையாக மின்னோட்டம் எழுகிறது. அந்த மின்னோட்டம் தனக்கென ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அதுவே நாம் தேடும் குறிகை.

இதை வேறு விதமாகவும் மனத்தில் இருத்திக்கொள்ளலாம். ஆழ்கடலில் காந்தப்புலக் கோடுகள் கிட்டத்தட்ட நீரோடு ஒட்டிக்கொண்டு நகர்கின்றன. அலையின் முகடு என்பது நீர் பக்கவாட்டிலிருந்து வந்து குவியும் இடம். நீர் குவியும்போது அதோடு ஒட்டிய புலக் கோடுகளும் நெருங்குகின்றன. எனவே முகட்டில் செங்குத்துப் புலம் சற்று வலுக்கிறது, பள்ளத்தில் சற்று மெலிகிறது. நீர்த்தூணின் உயரம் எந்த விகிதத்தில் கூடுகிறதோ, ஏறத்தாழ அதே விகிதத்தில் செங்குத்துப் புலமும் கூடுகிறது. இந்த ஒரு படிமத்தைப் பிடித்துக்கொண்டால் அடுத்து வரும் சூத்திரம் மனப்பாடம் செய்ய வேண்டியதாக இருக்காது.

எதிர்பார்க்கும் அளவை முதலில் கணக்கிடுங்கள்

பதிவைத் திறப்பதற்கு முன்பே விடை எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுமாறு வலியுறுத்துவேன். பதிவைப் பார்த்த பிறகு கணக்கிட்டால், கண்ணில் பட்ட அலைக்கு ஏற்றபடி கணக்கு வளைந்துவிடும்.

ராபர்ட் டைலர் 2005இல் வெளியிட்ட எளிய சூத்திரம் இதற்குப் போதுமானது. செங்குத்துக் காந்த மாற்றத்தைப் பெற, அந்த இடத்துப் புவிக் காந்தப்புலத்தின் செங்குத்துக் கூற்றை, அலை உயரத்துக்கும் கடல் ஆழத்துக்கும் உள்ள விகிதத்தால் பெருக்கி, அதை மேலும் ஒரு குறைப்புக் காரணியால் பெருக்க வேண்டும். குறைப்புக் காரணியில் இரண்டு வேகங்கள் வருகின்றன. ஒன்று சுனாமியின் வேகம். அது புவியீர்ப்பு முடுக்கத்தையும் ஆழத்தையும் பெருக்கிக் கண்ட வர்க்கமூலம். மற்றொன்று, தூண்டப்பட்ட புலம் நீரிலிருந்து கசிந்து பரவும் வேகம். கடல்நீரின் மின்கடத்துத்திறன் ஒரு மீட்டருக்கு 4 சீமென்ஸ் என்று கொண்டால், 3,98,000ஐ மீட்டரில் உள்ள ஆழத்தால் வகுத்து இதைப் பெறலாம். இவ்விரு வேகங்களின் வர்க்கங்களைக் கூட்டி, அதன் வர்க்கமூலத்தால் சுனாமியின் வேகத்தை வகுத்தால் கிடைப்பதே குறைப்புக் காரணி.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். ஆழம் 4,000 மீட்டர் என்றால் சுனாமியின் வேகம் நொடிக்கு 198 மீட்டர். பரவல் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 100 மீட்டர். குறைப்புக் காரணி 0.89. ஈஸ்டர் தீவுப் பகுதியில் செங்குத்துக் கூற்றின் அளவை 20,000 நானோடெஸ்லா என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். துல்லியமான மதிப்பை ஆய்வகப் பதிவிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். அலை உயரம் 20 சென்டிமீட்டர் என்றால், 20,000ஐ 0.2ஆல் பெருக்கி 4,000ஆல் வகுக்க 1 வருகிறது, அதை 0.89ஆல் பெருக்க, கிட்டத்தட்ட 0.9 நானோடெஸ்லா கிடைக்கிறது. இது வெளியிடப்பட்ட அளவோடு நன்றாகவே ஒத்துப்போகிறது.

இதே கணக்கிலிருந்து இன்னும் சில பயனுள்ள முடிவுகள் கிடைக்கின்றன. இரு வேகங்களும் சமமாகும் ஆழம் ஏறத்தாழ 2,500 மீட்டர். அதைவிட ஆழமான கடலில் புலம் நீரோடு ஒட்டி நகர்கிறது. ஆழம் குறைந்த கடலில் அது கசிந்துவிடுகிறது. ஆகவே சுனாமியின் காந்தக் குறிகையைப் பதிவு செய்ய ஆழ்கடலின் நடுவே உள்ள தீவுகள் ஏற்றவை. அகன்ற கண்டத்திட்டுக்குப் பின்னால் இருக்கும் நிலையங்கள் ஏற்றவை அல்ல.

அலைநீளத்தையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். 20 நிமிட அலைவு நேரம் உள்ள அலை, நொடிக்கு 198 மீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் அலைநீளம் சுமார் 240 கிலோமீட்டர் ஆகும். கடலுக்கு மேலே இந்தப் புலம், அலைநீளத்தை 6.28ஆல் வகுத்து வரும் 38 கிலோமீட்டருக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான அளவாகச் சுருங்கும். கரையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் தீவு ஆய்வகத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் 400 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் செயற்கைக்கோளை அடையும்போது பல்லாயிரத்தில் ஒரு பங்குகூட எஞ்சுவதில்லை. கடல் ஓதங்களின் காந்தக் குறிகையைச் சேம்ப் செயற்கைக்கோள் பதிவுகளில் 2003இலேயே கண்டுகாட்டினார்கள். அது முடிந்ததற்குக் காரணம், ஓதத்தின் அலைநீளம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்களாக இருப்பதே. சுனாமியைச் செயற்கைக்கோள் காந்தமானியில் தேடுவோர் இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

எந்த இடம், எந்த நாள்

தமிழ் வாசகர் ஒருவருக்கு இந்த இடத்தில் இயல்பாக எழும் எண்ணம், 2004 டிசம்பர் 26ஆம் நாளின் பதிவைத் திருநெல்வேலியில் தேடலாமே என்பதாகத்தான் இருக்கும். திருநெல்வேலியில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. அந்தச் சுனாமி நம் கரையில் செய்ததை நாம் யாரும் மறக்கவில்லை. இருந்தும், முதல் முயற்சிக்கு அந்த நாளையும் அந்த நிலையத்தையும் எடுக்க வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன். காரணங்களைப் புரிந்துகொண்டால், நல்ல இடத்துக்கு என்னென்ன தகுதிகள் வேண்டும் என்பதும் புரிந்துவிடும்.

முதல் காரணம், காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனைக்கு அருகே செல்கிறது. அந்தக் கோட்டில் புவிக் காந்தப்புலம் முற்றிலும் கிடைமட்டமாக இருக்கும். செங்குத்துக் கூறு சுழி. நம் சூத்திரத்தின் முதல் உறுப்பே செங்குத்துக் கூறு என்பதால், அங்கே எவ்வளவு பெரிய சுனாமி சென்றாலும் குறிகை மிக மெலிந்துவிடும். சுமத்ராவிலிருந்து தமிழகக் கரை நோக்கி வந்த அலை வழியில் அந்தக் கோட்டைக் கடந்து வந்தது. நிலநடுக்கம் நிகழ்ந்து சுமார் இரண்டு மணி நேரம் கழித்து, ஜேசன்-1 செயற்கைக்கோளின் உயரமானி வங்கக் கடலில் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் உயர அலையை அளந்தது. செங்குத்துக் கூற்றை 2,000 நானோடெஸ்லா என்றும் ஆழத்தை 3,500 மீட்டர் என்றும் வைத்துக் கணக்கிட்டால், அவ்வளவு உயரமான அலைக்கும் 0.3 நானோடெஸ்லாதான் கிடைக்கிறது.

இரண்டாவது காரணம் நேரம். இந்திய நேரப்படி காலை 6.29க்கு நிலநடுக்கம், சென்னையை அலை தொட்டது 9 மணியளவில். காந்த நடுக்கோட்டுக்கு மேலே சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், பகல் வேளையில் வலுவான மின்னோட்டம் ஒன்று கிழக்கு நோக்கிப் பாய்கிறது. நிலநடுக்கோட்டு மின்தாரை எனப்படும் அது, திருநெல்வேலியின் காந்தப்புலத்தைப் பகலில் பல பத்து நானோடெஸ்லா அளவுக்கு, சில நாட்களில் நூறுக்கும் மேல், மாற்றுகிறது. அந்த ஏற்றம் தொடங்கும் காலைப் பொழுதில்தான் அலையும் வந்தது. 0.3ஐ அதற்குள் தேடுவது வீண்.

ஈஸ்டர் தீவின் 2010 நிகழ்வை இவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே செங்குத்துக் கூறு வலுவானது. தீவைச் சுற்றிலும் ஆழ்கடல். 3,500 கிலோமீட்டரை நொடிக்கு ஏறத்தாழ 190 மீட்டர் வேகத்தில் கடக்க ஐந்து மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகும். உலக நேரப்படி 6.34க்கு நிலநடுக்கம் என்பதால், அலை 11.30 முதல் 12 மணிக்குள் தீவை நெருங்கியிருக்க வேண்டும். தீவின் சூரிய நேரத்தில் அது விடியலுக்கு முந்தைய நான்கு மணி. வானில் பகல் மின்னோட்டங்கள் அடங்கிக் கிடக்கும் வேளை. சூரியச் செயற்பாடும் நீண்ட தாழ்நிலையிலிருந்து அப்போதுதான் மெல்ல எழுந்துகொண்டிருந்தது. இத்தனையும் ஒரே நாளில் அமைவது அரிது.

வேறு நிகழ்வைத் தேர்ந்தெடுப்பவர்கள், ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரிலிருந்து வெளியாகும் கேபி குறியீட்டையும், ஜப்பானின் கியோட்டோ உலகத் தரவு மையம் வெளியிடும் டிஎஸ்டி குறியீட்டையும் முதலில் பார்க்க வேண்டும். இரண்டும் புவிக் காந்தப்புலம் எவ்வளவு கொந்தளித்திருந்தது என்பதைச் சொல்லும் எண்கள். கேபி 2ஐத் தாண்டினால் முதல் முயற்சிக்கு அந்த நாளை விட்டுவிடுங்கள்.

பதிவை எடுத்தலும் ஒழுங்குபடுத்தலும்

உலகின் தரமான காந்த ஆய்வகங்கள் இன்டர்மேக்னெட் என்னும் கூட்டமைப்பின் வழியாகப் பதிவுகளை வெளியிடுகின்றன. ஈஸ்டர் தீவு ஆய்வகத்தின் குறியெழுத்து ஐபிஎம். ஒப்பீட்டுக்காகத் தஹிதி தீவின் பமதாய் ஆய்வகத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குறியெழுத்து பிபிடி. இரண்டுக்கும் ஒரு நிமிட சராசரிப் பதிவுகளை, பிப்ரவரி 27க்கு மட்டுமன்றி அதற்கு முன்னும் பின்னும் பதினைந்து நாட்களுக்கேனும் சேர்த்து எடுக்க வேண்டும். அந்தக் கூடுதல் நாட்கள் எதற்கென்று பின்னால் தெரியும்.

கோப்புகள் ஐஏஜிஏ-2002 என்ற எளிய எழுத்து வடிவில் வரும். தலைப்பு வரிகளில் நிலையத்தின் இருப்பிடமும் எந்தெந்தக் கூறுகள் பதிவாகியுள்ளன என்பதும் இருக்கும். விடுபட்ட மதிப்புகளை 99999 என்றும், அளக்கப்படாதவற்றை 88888 என்றும் குறிப்பது வழக்கம். இவற்றை நீக்காமல் வடிகட்டினால் முழுப் பதிவும் பாழாகும். மூன்று நான்கு நிமிட இடைவெளியை நேர்கோட்டால் நிரப்பலாம். அதைவிட நீண்ட இடைவெளி நாம் தேடும் நேரத்துக்கு அருகே இருந்தால், அந்தப் பதிவைப் பயன்படுத்தாமல் இருப்பதே நேர்மை. நேரம் முழுவதும் உலக நேரத்தில் இருப்பதை நினைவில் வையுங்கள். செங்குத்துக் கூறு கீழ்நோக்கி இருந்தால் நேர்க்குறி, மேல்நோக்கி இருந்தால் எதிர்க்குறி என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தென் அரைக்கோளத்தில் உள்ள ஈஸ்டர் தீவில் அது எதிர்க்குறியுடன் இருக்கும்.

வானத்தின் பங்கைக் கழித்தல்

இதுவே இந்த வேலையின் நடுநாயகம். காந்தமானி கடலிலிருந்து வருவதையும் வானிலிருந்து வருவதையும் பிரித்து அறியாது. அயனி மண்டலத்திலும் அதற்கு அப்பாலும் ஓடும் மின்னோட்டங்கள் இரவிலும் முழுதாக ஓய்வதில்லை. துருவப் பகுதிகளில் எழும் சிறு காந்தக் கொந்தளிப்புகள் அரை மணி முதல் ஒரு மணி வரை நீளும் அலைகளை உலகெங்கும் அனுப்புகின்றன. சுனாமியின் அலைவு நேரமும் அதே வரம்பில் இருப்பதால், வெறும் வடிகட்டியால் இவ்விரண்டையும் பிரிக்க இயலாது.

பிரிப்பதற்கு நமக்கு உதவுவது ஓர் எளிய உண்மை. வானிலிருந்து வரும் மாற்றம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்களுக்கு ஒரே நேரத்தில் தெரியும். சுனாமியின் மாற்றம் அலை இருக்கும் இடத்தில் மட்டுமே தெரியும். அன்று 11 மணி முதல் 13 மணி வரை தஹிதியை அலை எட்டவில்லை; பல மணி நேரம் கழித்தே எட்டியது. எனவே தஹிதியிலும் ஈஸ்டர் தீவிலும் ஒன்றாகத் தெரியும் எதுவும் வானத்தின் பங்கு.

கழிக்கும் முறையை இரண்டு படிகளாகச் செய்யப் பரிந்துரைக்கிறேன். தீவுகளிலும் கடற்கரைகளிலும், வானிலிருந்து வரும் கிடைப்புல மாற்றம் கடலில் மின்னோட்டத்தைத் தூண்டி, அதன் வழியாகச் செங்குத்துக் கூற்றையும் அசைக்கும். ஆகவே முதல் படியாக, சுனாமி இல்லாத அமைதியான இரவுகளை எடுத்து, ஈஸ்டர் தீவின் செங்குத்துக் கூறு அதே நிலையத்தின் வடக்கு, கிழக்குக் கூறுகளை எந்த விகிதத்தில் பின்தொடர்கிறது என்பதைக் குறைந்த வர்க்க முறையால் காணுங்கள். இந்த விகிதம் அலைவு நேரத்தைப் பொறுத்து மாறும் என்பதால், பதிவுகளை முதலில் 10 முதல் 40 நிமிட வரம்புக்குள் வடிகட்டிவிட்டு இதைச் செய்ய வேண்டும். இரண்டாவது படியாக, தஹிதியின் கிடைக்கூறுகளையும் அதே சமன்பாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்படிக் கண்ட விகிதங்களை பிப்ரவரி 27ஆம் நாளுக்குப் பயன்படுத்தி, வானத்தால் வந்திருக்க வேண்டிய செங்குத்து மாற்றத்தைக் கணித்து, அளந்த பதிவிலிருந்து கழியுங்கள்.

விகிதங்களைக் காணப் பயன்படுத்தும் நாட்களில் பிப்ரவரி 27 இருக்கவே கூடாது. அதையும் சேர்த்தால் சமன்பாடு சுனாமியையே விழுங்கிவிடும் அபாயம் உண்டு. அந்தப் பிழையை அதன் பிறகு எந்தச் சோதனையாலும் கண்டுபிடிக்க முடியாது.

வடிகட்டும்போது கவனிக்க வேண்டியவை

வடிகட்டி எதுவானாலும், பதிவின் மீது முன்னோக்கி ஒருமுறையும் பின்னோக்கி ஒருமுறையும் செலுத்தும் வகையாக இருக்க வேண்டும். ஒரே திசையில் செலுத்தும் வடிகட்டி அலையைச் சில நிமிடங்கள் தாமதப்படுத்திவிடும். நாம் பின்னால் ஒன்றிரண்டு நிமிட வேறுபாட்டைப் பற்றிப் பேசப்போகிறோம் என்பதால் அந்தத் தாமதத்தை ஏற்க முடியாது. ஆனால் இருதிசை வடிகட்டிக்கும் ஒரு குறை உண்டு. பதிவில் திடீரென ஒரு கூர்முனை இருந்தால், அதற்கு முன்னும் பின்னும் இல்லாத அலைகளை அது வரைந்துவிடும். நிலநடுக்கத்தின் மேற்பரப்பு அலைகள் கால்மணி நேரத்தில் ஈஸ்டர் தீவை அடைந்து கருவியையே குலுக்கியிருக்கும். அப்படிப்பட்ட கூர்முனைகளை வடிகட்டுவதற்கு முன்பே கையால் நீக்குங்கள். பதிவின் இரு முனைகளிலும் சில மணி நேரத்தைப் பயன்படுத்தாமல் விட்டுவிடுங்கள்.

நிலநடுக்கத்துக்குப் பின் சில நிமிடங்களில் தெரியும் இன்னொரு வகை அசைவும் குழப்பம் தரும். 2004 சுமத்ரா நிலநடுக்கத்துக்குப் பிறகு தாய்லாந்தின் பிமாய் நிலையத்தில் நான்கு நிமிடத்துக்கும் குறைவான அலைவு நேரமுள்ள காந்தத் துடிப்பு பதிவானது. நிலநடுக்கம் வளிமண்டலத்தில் எழுப்பிய அதிர்வு அயனி மண்டலத்தைத் தொட்டதால் வந்தது அது என்று விளக்கினார்கள். கடலோடு அதற்கு நேரடித் தொடர்பு இல்லை. 10 நிமிடத்தை வரம்பின் கீழ் எல்லையாக வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கண்டது சுனாமிதானா

கழித்து வடிகட்டிய பதிவில் 11.30ஐ ஒட்டி ஓர் அலை தெரிந்தால், இனி அதை ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுச் சோதிக்க வேண்டும்.

முதல் கேள்வி குறி பற்றியது. முகட்டில் செங்குத்துப் புலம் வலுக்கும் என்று பார்த்தோம். ஈஸ்டர் தீவில் செங்குத்துக் கூறு எதிர்க்குறி உடையது. எனவே முகடு கடக்கும்போது பதிவு மேலும் கீழே இறங்க வேண்டும். கடல்மட்டம் ஏறும்போது காந்தப் பதிவும் ஏறினால், எங்கோ பிழை இருக்கிறது.

இரண்டாவது கேள்வி அளவு பற்றியது. நீங்கள் முதலில் தாளில் எழுதி வைத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். பாதியோ இருமடங்கோ வந்தால் ஏற்கலாம். தீவு என்பது சூத்திரம் கருதும் தட்டையான கடல் இல்லை, அதன் உடல் மின்னோட்டத்தை வளைத்துச் சுற்றி ஓடச் செய்கிறது. ஆனால் 5 நானோடெஸ்லா வந்தால் அது சுனாமியாக இருக்க இயலாது.

மூன்றாவது கேள்வி திசை. கடலுக்கு மேலே, சுனாமியின் கிடைக் காந்த மாற்றம் அலை செல்லும் திசைக் கோட்டிலேயே அமையும். செங்குத்து மாற்றத்திலிருந்து கால் அலைவு தள்ளி நிற்கும். மௌலேயிலிருந்து வரும் அலை ஈஸ்டர் தீவைக் கிழக்கு-தென்கிழக்கிலிருந்து அடைகிறது. ஆகவே குறிகை வடக்குக் கூற்றைவிடக் கிழக்குக் கூற்றில் அதிகமாக இருக்க வேண்டும். நடைமுறையில் கிடைக்கூறுகளில் வானத்தின் இரைச்சல் அதிகம் என்பதால், இந்தச் சோதனையில் தோற்றால் மனம் தளர வேண்டியதில்லை. வென்றால் அது வலுவான சான்று.

நான்காவதாகக் கடல்மட்டப் பதிவோடு ஒப்பிட வேண்டும். துறைமுக ஓதமானி தன் துறைமுகத்தின் தனி அலைவுகளையும் சேர்த்துக் காட்டும். காந்தமானியோ சுற்றியுள்ள பல பத்து கிலோமீட்டர் ஆழ்கடலின் சராசரியைக் காட்டும். இரண்டும் முகட்டுக்கு முகடு பொருந்தாது. ஆழ்கடலின் தரையில் அழுத்தத்தை அளக்கும் டார்ட் மிதவைகளின் பதிவு, அலையின் வடிவத்தையும் அலைவு நேரத்தையும் ஒப்பிட இதைவிட நம்பகமானது.

ஐந்தாவது சோதனையைத் தவிர்த்துவிட்டு முடிவை அறிவிப்பவர்களே அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். முன்னும் பின்னும் எடுத்து வைத்த முப்பது நாட்களிலும், அதே 11 முதல் 13 மணி வரையிலான பகுதியை, அதே வடிகட்டியாலும் அதே விகிதங்களாலும் செயல்படுத்துங்கள். சுனாமியே இல்லாத அந்த நாட்களில் எத்தனை முறை இதே அளவுள்ள அலை தோன்றுகிறது என்று எண்ணுங்கள். முப்பதில் பத்து நாட்களில் தோன்றினால், பிப்ரவரி 27இல் கண்டது எதையும் நிறுவவில்லை. ஒன்றிரண்டில் மட்டும் தோன்றினால், அந்த நாட்களின் கேபி குறியீட்டையும் பார்த்துவிட்டு, உங்கள் முடிவை அந்த எண்ணிக்கையோடு சேர்த்தே எழுதுங்கள்.

ஒரு நிமிடம் முந்துவது பற்றி

சுனாமியின் காந்தக் குறிகை கடல்மட்ட உயர்வைவிட ஒரு நிமிடம் முன்னதாக வருகிறது என்ற செய்தியைப் பலர் படித்திருப்பீர்கள். கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சிஹெங் லின், ஹிரோஅகி தோ ஆகியோரும் தகுதோ மினாமியும், 2009 சமோவா சுனாமியையும் 2010 சிலி சுனாமியையும் பிரெஞ்சு பாலினேசியக் கடலடியில் இருந்த கருவிகளின் வழியே ஆராய்ந்து, 2021இல் இதை வெளியிட்டார்கள். ஒரே இடத்தில் அழுத்தமானியும் காந்தமானியும் இருந்ததால்தான் அவர்களால் நேரடியாக ஒப்பிட முடிந்தது. சில சென்டிமீட்டர் அலை உயரத்தைக்கூடக் காந்தப் பதிவிலிருந்து மதிப்பிட முடியும் என்றும் காட்டினார்கள்.

இந்த முந்தல் எப்படி வருகிறது என்பது நம் சூத்திரத்திலேயே இருக்கிறது. பரவல் வேகத்தைச் சுனாமியின் வேகத்தால் வகுத்தால் கிடைக்கும் விகிதத்தை டான்ஜென்ட் மதிப்பாகக் கொண்ட கோணமே, செங்குத்துக் குறிகை கடல்மட்டத்தை முந்தும் கட்ட வேறுபாடு. 4,000 மீட்டர் ஆழத்தில் அது ஏறத்தாழ 27 பாகை. 20 நிமிட அலையில் 27 பாகை என்பது ஒன்றரை நிமிடம். ஆகவே சுனாமியைவிட வேகமாகப் பறந்து வரும் தனி அலை ஒன்று இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. அலையோடு சேர்ந்தே செல்லும் குறிகையின் முகடு சற்று முன்னே நிற்கிறது, அவ்வளவே. எச்சரிக்கைக்கு அந்த ஒன்றரை நிமிடத்தைவிடப் பெரிய பயன், கரையிலிருந்து பல மணி நேரத் தொலைவில் கடலடியில் உள்ள ஒரே கருவி அலையின் உயரத்தையும் அது செல்லும் திசையையும் சேர்த்துச் சொல்லிவிடுவது. அழுத்தமானி ஒன்றால் உயரத்தை மட்டுமே சொல்ல முடியும். ஒரு நிமிட சராசரிப் பதிவையும் துறைமுக ஓதமானியையும் வைத்துக்கொண்டு இந்த முந்தலை நீங்கள் நிறுவ முயல வேண்டாம். அவற்றின் துல்லியம் அதற்குப் போதாது.

ஈஸ்டர் தீவில் கை பழகிய பிறகு, 2011 மார்ச் 11ஆம் நாள் ஜப்பான் சுனாமிக்கு, தோக்கியோவிலிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தெற்கே உள்ள சிச்சிஜிமா தீவின் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பீட்டுக்கு ஜப்பானின் காகியோகா காந்த ஆய்வகம் உதவும். அலை தீவை அடைவதற்கு முன்பே அங்கே காந்த மாற்றம் தெரிந்ததாக 2015இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஆனால் அன்று அது பகல் வேளை. காந்தப்புலமும் அமைதியாக இல்லை. வானத்தின் பங்கைக் கழிக்கும் படியை அங்கே இன்னும் நுணுக்கமாக, அலைவு நேர வரம்பை இரண்டு மூன்று துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விகிதங்களைக் கண்டு செய்ய வேண்டியிருக்கும்.